குமரிக்கு முன் ஒரு நாள் சுற்று

கேள்வி: சென்னையிலிருந்து குமரி வரை தனியாகச் சைக்கிளில் போக வேண்டும் என்பது என் நெடுநாள் லட்சியம். ஜூலையில் கிளம்புகிறேன். வழியில் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்க்க ஒரு நாள் ஒதுக்கலாமா?

பதில்: தாராளமாக ஒதுக்குங்கள். ஆனால் குமரியைத் தொடுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். இலக்கை எட்டியதும் உடம்பு ஓய்வு கேட்கும், மனம் ஊர் திரும்பிவிடும்.

நெல்லையிலிருந்து நாகர்கோவில் சுமார் 80 கி.மீ. காவல்கிணறு வரை சிரமமில்லை. அங்கிருந்து மேற்கே திரும்பினால் முப்பந்தல், ஆரல்வாய்மொழி. ஜூலையில் அங்குள்ள மலைக் கணவாய் வழியே வரும் காற்று நேராக முகத்தில் அடிக்கும், வெயில் ஏற ஏற வலுக்கும். விடியலிலேயே கிளம்புங்கள். லாரி கடக்கும்போது காற்று ஒரு கணம் தடைபட்டு மறுபடி அடிக்கும், சைக்கிள் தடுமாறும். ஹேண்டிலை இரு கைகளாலும் பிடியுங்கள்.

மூட்டையை நாகர்கோவில் லாட்ஜில் வைத்துவிட்டு, மறுநாள் 15 கி.மீ. தள்ளியுள்ள தக்கலைக்குப் போங்கள், அரண்மனை அதன் அருகில்தான். அரண்மனைக்குத் திங்கள் விடுமுறை, மதியமும் இடைவேளை உண்டு. அதனால் காலை 9 மணிக்கே நுழைவது நல்லது. செருப்பைக் கழற்ற வேண்டும். மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் வண்ண மைக்கா ஜன்னல்களுக்கு எதிரே சற்று நில்லுங்கள். கறுந்தரையில் வெளிச்சம் கண்ணாடியில் தெரிவதுபோல் தெரியும். அவசரப்பட வேண்டிய இடமல்ல அது.

தெம்பிருந்தால், பள்ளத்தாக்கின் மேலே கால்வாய் நீரைக் கொண்டுசெல்ல 1966-இல் கட்டிய மாத்தூர் தொட்டிப்பாலத்தையும் பாருங்கள். உயரம் 115 அடி. சாலை ஏற்ற இறக்கமானது, தண்ணீர் 2 லிட்டராவது வேண்டும்.