வெளிநாட்டு டூர்ல பையன் கையில போன் வேணுமா?

கேள்வி: அடுத்த மாசம் குடும்பத்தோட வெளிநாட்டு டூர் போறோம் மேடம். 11 வயசு பையன் போனை விடவே மாட்டேங்கிறான், ரோமிங் பில்லை நினைச்சாலே பயமா இருக்கு. போனை வீட்டுலயே வச்சுட்டுப் போயிடலாமா?

பதில்: வேண்டாங்க, எடுத்துட்டே போங்க. தெரியாத ஊர்ல கூட்டத்துல பிரிஞ்சுட்டான்னா உங்களைக் கூப்பிட அது வேணும். அதுக்காக உங்க நம்பரை ப்ளஸ், நாட்டு கோடு எல்லாம் சேர்த்து சேவ் பண்ணுங்க, ஒரு பேப்பர்லயும் எழுதி அவன் பையில வைங்க, சார்ஜ் போயிட்டா பேப்பர்தான் உதவும். பில் விஷயத்துக்கு, கிளம்புறதுக்கு முன்னாடியே டேட்டா ரோமிங்கை ஆஃப் பண்ணிடுங்க (கால் பேச ரோமிங் இருக்கான்னு சிம் கம்பெனில தனியா கேட்டுக்கோங்க), ஏன்னா யாரும் போனைத் தொடலைன்னாலும் ஆப் அப்டேட், போட்டோ பேக்கப்னு அதுபாட்டுக்கு டேட்டா ஓடும், பசங்க மேல மட்டும் பழி போடறது நியாயமே இல்ல. கப்பல் பயணம்னா ஃப்ளைட் மோட் கட்டாயம், நடுக்கடல்ல சாட்டிலைட் நெட்வொர்க்தான், அது சாதாரண ரோமிங் பேக்ல பெரும்பாலும் சேராது, ரேட்டும் ரொம்ப அதிகம்.

வீடியோ, மேப் எல்லாம் வீட்டு வைஃபைலயே டவுன்லோட் பண்ணிக்கோங்க. ஆண்ட்ராய்டுன்னா ஃபேமிலி லிங்க் (கூகுளோட ஆப்), ஐபோன்னா ஸ்க்ரீன் டைம் (செட்டிங்ஸ்லயே இருக்கும்), ரெண்டுலயும் நேரக் கட்டுப்பாட்டை இங்கயே செட் பண்ணிடுங்க, அங்க போய் உங்க போன்ல இருந்து மாத்தினா அவன் போன் நெட்ல கனெக்ட் ஆகுற வரைக்கும் அது வேலை செய்யாது. நீண்ட ஃப்ளைட்ல கொஞ்சம் கூடுதலா பார்த்தா விட்டுடுங்க, பாவம். சாப்பிடுறப்பயும் ஊர் சுத்துறப்பயும் மட்டும் போன் பைக்குள்ள, உங்க போனும்தான்.