மாமனார் மட்டும் மாடியில்

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. பள்ளி நாட்களில் ஒன்பதரைக்குத் தூங்கி ஆறரைக்கு எழுந்துவிடுவான். லீவு விட்டதிலிருந்து ராத்திரி ஒரு மணிக்குப் படுத்து, காலை பத்தரைக்கு எழுகிறான். வெயிலுக்குப் பயந்து வெளியே விடுவதில்லை. ஏசி அறையில் செல்போனும் கையுமாகக் கிடக்கிறான். சாயங்காலம் விளையாடக் கூப்பிட்டாலும் 'டயர்டா இருக்கு' என்கிறான். எழுபதைத் தாண்டிய மாமனார் மட்டும் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்து, விடியும்போதே எழுந்து நடக்கப் போய்விடுவார். கோடை குழந்தைகளை இப்படி மாற்றிவிடுமா? சத்து டானிக் கொடுக்கலாமா?
- வாசகி, மதுரை

பதில்: டானிக் வேண்டாம். இதே கேள்வி வருஷா வருஷம் மே மாதம் எனக்கு வருகிறது. ஆனால் உங்கள் கடிதத்தில் 'மாமனார் மட்டும்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

முதலில் பையன் கணக்கைப் பாருங்கள். ஒரு மணியிலிருந்து பத்தரை வரை ஒன்பதரை மணி நேரம். 6 முதல் 12 வயதுவரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். அளவு குறையவில்லை, நேரம்தான் நகர்ந்துவிட்டது. மதுரையில் இப்போது ஆறு மணிக்கு முன்பே விடிந்துவிடுகிறது. கத்திரி வெயிலிலும் ஒரு பிள்ளை ஓடி விளையாடத் தோதான நேரம் அதிலிருந்து எட்டு, எட்டரை வரைக்கும்தான். அவன் கண் விழிக்கும்போது தெருவில் கால் வைக்க முடியாது. பிறகு வெயிலைத் திட்டி என்ன பயன்? இந்த வயதில் தினம் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும். ஓடாத உடம்புக்கு ராத்திரி தூக்கம் எப்படி வரும்? காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் உடம்பின் கடிகாரம் சரியாக ஓடும். உங்கள் பிள்ளை கண்ணில் படுவதோ நள்ளிரவில் போன் வெளிச்சம். அது தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனினைத் தள்ளிப்போடுகிறது.

கோடை ஒருவேளை காரணமோ என்றால், நம் ஊரில் டிசம்பர் பகலுக்கும் ஜூன் பகலுக்கும் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் வித்தியாசம். உங்கள் மாமனாரும் அதே வெயிலில்தான் இருக்கிறார். அவர் தூங்குகிறார், எழுகிறார், நடக்கிறார்.

இனி அந்த 'மட்டும்'. நீங்கள் எல்லோரும் ஏசியில் இருக்க, அவர் ஏன் தனியாக மேலே? காற்றுக்காக விரும்பிப் போனாரா, இடமில்லை என்று ஒதுங்கினாரா? கேட்டீர்களா? இந்த வயதில் இருட்டில் படியிறங்கிக் கழிவறைக்கு வரும்போது கால் தடுக்கினால் யாருக்குத் தெரியும்? இதை நான் கோபத்தோடுதான் கேட்கிறேன். பெரியவரைத் தனியே விட்டது தப்பு. நேரத்துக்கு எழுந்து பழகிய ஒரு மனிதர் வீட்டிலேயே இருக்க, பிள்ளையை அவரிடம் ஒப்படைக்காமல் என்னிடம் டானிக் கேட்பது அதைவிடப் பெரிய தப்பு.

இன்றே உங்கள் கணவரும் நீங்களும் போய், 'மாமா, இவன் இனிமேல் உங்களோடு படுக்கட்டும்' என்று கேளுங்கள். மேலே வேண்டாம் என்றால் அவருக்குக் கீழே இடம் கொடுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்குத் தாத்தாவும் பேரனும் தளத்தில் நாலு வாளித் தண்ணீர் ஊற்றட்டும். சூடு தணியும், அவனுக்கும் வேலை. கொசுவலை கட்டுங்கள், படிக்கட்டில் விளக்குப் போடுங்கள். முதல் நாலைந்து நாள் தூக்கம் வராமல் புரளுவான், பரவாயில்லை. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஆறு மணிக்கு எழுப்பித் தாத்தாவோடு நடக்க அனுப்புங்கள். போன் கீழே, உங்கள் அலமாரியில் இருக்கட்டும். உங்கள் இருவர் போனும்தான்.