பழைய நாடகத்தைத் திரைக்குக் கொண்டுவரும்போது எதை வெட்டலாம்?

மேடைக்கென்றே எழுதிய பழைய நாடகத்தை இன்றைய ஆட்கள் பார்க்கும்படி படமாக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஒரே ஒரு முறை செய்து பார்த்திருக்கிறேன். அதில் கையைச் சுட்டுக்கொண்ட கதையைச் சொல்கிறேன்.

ஊர் பென்னாகரம் பக்கம். எங்களுக்கு நாடகம் என்றால் தெருக்கூத்துதான். திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவில் பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி விடிய விடியக் கூத்து. 'கர்ண மோட்சம்' அன்றைக்குக் கூட்டம் தாங்காது. பதினேழாம் நாள் போருக்குப் போகுமுன் கர்ணன் மனைவியிடம் விடைபெற வருவான். தேரோட்டி வளர்த்த பிள்ளைதானே என்று அவள் ஏளனம் செய்வாள். 1964-இல் வந்த 'கர்ணன்' படத்தில் மனைவி பெயர் சுபாங்கி. எங்கள் கூத்தில் பொன்னுருவி. இந்த ஒரு கட்டத்தை மட்டும் குறும்படமாக எடுத்தோம்.

கூத்தில் வேஷக்காரர் ஓர் அடி பாடினால் பின்பாட்டுக்காரர்கள் அதையே திருப்பிப் பாடுவார்கள். படத்தில் இழுவையாக இருக்குமே என்று எல்லாப் பின்பாட்டையும் எடிட்டிங்கில் தூக்கிவிட்டேன். நாற்பது நிமிடம் பதினெட்டாகச் சுருங்கியது. போட்டுப் பார்த்தால் இரண்டு பேர் மாறி மாறிக் கத்துகிற மாதிரி இருந்தது. கூத்து வாத்தியாரிடம் காட்டினேன். "அவன் பாடுறான், சரி. அவ எப்பத் தம்பி கேக்கறா?" என்றார்.

அப்புறம்தான் புரிந்தது. பின்பாட்டு ஓடுகிற நேரத்தில்தான் பொன்னுருவி கேட்கிறாள்; முந்தானையைத் திருகுகிறாள், முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். மேடையில் கடைசி வரிசைக்கு அது தெரியாது, கேமராவுக்குத் தெரியும். அடியை முதலில் பாடும்போது கர்ணன், பின்பாட்டு திருப்பும்போது பொன்னுருவி முகம் என்று மறுபடி வெட்டி ஒட்டினேன். இருபத்தாறு நிமிடம் ஆனது, ஆனால் முன்னதைவிடச் சின்னதாகத் தோன்றியது.

கேமரா கிட்டே போனால் வேறு தொல்லைகளும் உண்டு. பொன்னுருவி வேஷம் கட்டியவர் ஆண். ராத்திரி ஒன்பது மணிக்குச் சவரம் செய்த தாடை மூன்று மணிக்கு அரிதாரத்துக்கு அடியில் பச்சை தட்டியது. கர்ணன் தோளில் கட்டும் அணியான புஜக்கீர்த்தியில் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் அவர் திரும்பும்போதெல்லாம் லென்ஸில் பளீரென்று அடித்தன. தாடையைப் பவுடர் பூசி மறைத்தோம். கண்ணாடி வெளிச்சத்தை அப்படியே விட்டுவிட்டோம், சூரியன் பிள்ளைதானே!

என் அம்மா அந்தக் கூத்தை எத்தனையோ வருஷமாகப் பார்க்கிறவர். படம் பார்த்துவிட்டு, "இத்தன நாளா நான் கர்ணனத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார். வாத்தியாருக்கு மட்டும் இன்னும் ஒரு குறை. கர்ணன் சுழன்று ஆடும் இடத்தில் கால் தெரியவில்லையாம். உண்மைதான், அங்கே கேமராவைப் பின்னால் தள்ளி வைத்திருக்க வேண்டும்.