எர்ஃபுர்ட்டில் ஒரு அலுவலகம்

வணக்கம் சார்,

நான் வேலை காரணமாக ஜெர்மனியில் லைப்ஸிக் நகரில் இருக்கிறேன். போன மாதம் அலுவலக நண்பர்களோடு போலந்து போயிருந்தேன். கிராக்கோவிலிருந்து காலையில் ஆஷ்விட்ஸ் வதைமுகாம், மதியம் உப்புச் சுரங்கம் என்று ஒரே டிக்கெட்டில் அழைத்துப் போனார்கள். பயங்கரக் கூட்டம். காதில் ஹெட்போன், முன்னால் வழிகாட்டி, முதுகுக்குப் பின்னால் அடுத்த குழு. எதன் முன்பும் நிற்க முடியவில்லை. கூட வந்தவர்களில் இரண்டு பேர் அழுதார்கள். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. ‘இதைச் செய்தவர்கள் மனிதர்களே இல்லை, மிருகங்கள்’ என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். மாலையில் சுரங்கத்தில் சிரித்தபடி போட்டோ எடுத்துக்கொண்டேன். இரவிலிருந்து உறுத்தல். என்னிடம் ஏதாவது கோளாறா? இந்த மாதிரி இடங்களுக்குச் சுற்றுலாவாகப் போவதே தவறா? கோடையில் மனைவியும் பன்னிரண்டு வயது மகளும் வருகிறார்கள். பெர்லின் போகும் திட்டம் இருக்கிறது. மகளை இப்படி ஓர் இடத்துக்கு அழைத்துப் போகலாமா?

எம்., லைப்ஸிக்

அன்புள்ள எம்.,

உங்களிடம் கோளாறு எதுவும் இல்லை. இழவு வீட்டுக்குப் போனால் அழ வேண்டும், அழாதவரை நாலு பேர் கவனிப்பார்கள் என்று நாம் வளர்ந்திருக்கிறோம். அந்தப் பழக்கம் ஆஷ்விட்ஸ் வரை நம்மோடு வந்துவிடுகிறது. ஆனால் அந்த இடத்தைக் காப்பாற்றி வைத்தவர்கள் வேறொன்றை நினைத்தார்கள். 1947-ல் போலந்து அரசு அதை அருங்காட்சியகமாக அறிவித்தபோது முன்னின்றவர்கள் அங்கேயே கைதிகளாக இருந்து உயிர் தப்பியவர்கள். அதன் இயக்குநராக 1955 முதல் 1990 வரை இருந்த காஸிமியெஷ் ஸ்மோலென் அப்படிப்பட்ட ஒருவர். சோவியத் செம்படை வருவதற்குச் சில நாள் முன்புதான், 1945 ஜனவரியில், முகாமை நடத்திய ஹிட்லரின் எஸ்.எஸ். படை ஆட்கள் ஆஷ்விட்ஸின் இன்னொரு பகுதியான பிர்க்கெனாவின் எரிகூடங்களை வெடி வைத்துத் தகர்த்தார்கள், கொள்ளையடித்த பொருட்கள் இருந்த கிடங்குகளுக்குத் தீ வைத்தார்கள். போலந்திலேயே இருந்த ட்ரெப்ளிங்கா கொலைமுகாமில் இன்னும் மோசம். முகாமைப் பிரித்தெடுத்து, நிலத்தை உழுது விதைத்து, மேலே ஒரு பண்ணை வீட்டைக் கட்டி ஆளைக் குடிவைத்துவிட்டுப் போனார்கள். நடக்கவே இல்லை என்று ஆக்கத்தான் இத்தனையும். தப்பித்தவர்கள் கொல்லப்பட்டவர்களின் செருப்புகளையும் பெட்டிகளையும் தலைமுடியையும் எடுத்து வைத்தது சாட்சியத்துக்காக. வருகிறவன் அவற்றைப் பார்க்க வேண்டும், தெரிந்துகொள்ள வேண்டும். அவன் என்ன உணர்ந்தான் என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை.

சுற்றுலாவாகப் போவது தவறா என்றால், இல்லை. 2019-ல் மட்டும் அங்கே 23 லட்சம் பேர் போனார்கள். கொல்லப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளும் அதே வரிசையில் நின்றுதான் உள்ளே போகிறார்கள். தவறு எங்கே என்றால், சுமார் 11 லட்சம் பேர் கொல்லப்பட்ட இடத்தை உப்புச் சுரங்கத்தோடு சேர்த்து ஒரே நாளில் விற்கிற அந்த டிக்கெட்டில். இதில் எனக்குக் கோபமே உண்டு. அந்த வேகத்தில் யாராக இருந்தாலும் மரத்துத்தான் போவார்கள். மறுபடி போக வாய்ப்பு வந்தால் அருங்காட்சியகமே நடத்தும் ஆறு மணி நேர வழிகாட்டல் இருக்கிறது, அதில் சேருங்கள். பிர்க்கெனாவின் தண்டவாளம் முடியும் இடத்தையும் தாண்டி நடங்கள். பெரும்பாலான குழுக்கள் அதுவரை போய்த் திரும்பிவிடும்.

போட்டோ விஷயம்: தலைமுடி வைத்திருக்கும் அறையிலும் பதினோராம் பிளாக்கின் நிலவறையிலும் எடுக்கக் கூடாது. மற்ற இடங்களில் எடுக்கலாம். உங்கள் முகம் அதில் வேண்டாம். சுரங்கத்தில் சிரித்ததை மறந்துவிடுங்கள்.

சரி, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரிக்கு வருகிறேன். ‘மிருகங்கள்.’ முகாமை மட்டும் பார்த்துவிட்டு வருகிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அங்கே தெரிவது முடிவு மட்டும். அந்த முடிவை நோக்கி வேலை பார்த்தவர்கள் வேறு ஊர்களில், நல்ல மேஜைகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய இடங்களும் இன்று நினைவிடங்கள்தான். பயணிகள் அதிகம் போவதில்லை. நீங்கள் ஜெர்மனியிலேயே இருப்பதால் சொல்கிறேன், அவற்றில் மூன்றைப் பாருங்கள்.

பெர்லினின் க்ரூனவால்ட் ரயில் நிலையத்தின் 17-ஆம் நடைமேடை முதலாவது. எஸ்7 ரயிலில் போகலாம். சுற்றிலும் மரங்களும் பணக்கார வீடுகளும். 1941 அக்டோபரிலிருந்து பெர்லின் யூதர்கள் இங்கிருந்து ஏற்றி அனுப்பப்பட்டார்கள். நடைமேடையின் விளிம்பு முழுக்க 186 எஃகுப் பலகைகள். ஒவ்வொன்றிலும் தேதி, எத்தனை பேர், எந்த ஊருக்கு என்பது மட்டும். நடந்துகொண்டே படியுங்கள். ஆயிரம் பேர் கொண்ட ரயில்கள் வரும், அப்புறம் ஐம்பது, நூறு பேர் என்று வரும். கடைசிப் பலகை 1945 மார்ச் 27: 18 பேர், தெரேஸியன்ஷ்டாட் முகாமுக்கு. போர் முடிய ஆறே வாரம் இருக்கிறது, நாடே நொறுங்கிக்கொண்டிருக்கிறது, அப்போதும் 18 பேருக்கு வண்டி ஒதுக்க ஓர் அதிகாரி இருந்திருக்கிறார். இந்த ரயில்களுக்கு ஜெர்மன் ரயில்வே முறைப்படி கட்டணம் வசூலித்தது. ஆளுக்கு மூன்றாம் வகுப்புக் கட்டணம், கிலோமீட்டருக்கு 4 ஃபெனிக். பத்து வயதுக்குக் கீழே பாதி, நாலு வயதுக்குக் கீழே இலவசம். 400 பேருக்கு மேல் போனால் குழுச் சலுகை. கொண்டுபோகப்பட்டவர்களுக்குப் போகும் டிக்கெட் மட்டும், காவலர்களுக்குத் திரும்பிவரவும் சேர்த்து. இதைக் கணக்குப் போட்ட குமாஸ்தாவை மிருகம் என்று சொல்லி என்னால் தள்ளிவைக்க முடியவில்லை. அவர் காலையில் குழந்தையைக் கொஞ்சிவிட்டு வேலைக்கு வந்தவராகவும் இருந்திருக்கலாம்.

இரண்டாவது பெர்லினின் வான்ஸே ஏரிக்கரை மாளிகை. 1942 ஜனவரி 20 அன்று இங்கே நாஜி உயர் அதிகாரிகள் பதினைந்து பேர் கூடி ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். அவர்களில் எட்டுப் பேர் முனைவர் பட்டம் பெற்றவர்கள். யூதர்களைக் கொல்வது அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. கிழக்கே லட்சக்கணக்கில் சுட்டுக் கொன்றிருந்தார்கள். எந்தத் துறை எதைச் செய்வது என்று ஒருங்கிணைக்கத்தான் இந்தக் கூட்டம். கூட்டக் குறிப்பின் ஒரு பிரதி மட்டும் தப்பியது. நாடுவாரியாக யூதர்களின் எண்ணிக்கையும் கடைசியில் ஒரு கோடியே பத்து லட்சம் என்ற கூட்டுத்தொகையும் அதில் உண்டு. எந்த அலுவலகத்திலும் பார்க்கக்கூடிய கோப்பு மாதிரியே இருக்கும்.

மூன்றாவதுக்குத்தான் இவ்வளவும் சொன்னேன். லைப்ஸிக்கிலிருந்து ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஊர், எர்ஃபுர்ட். அங்கே டோப்ஃப் உண்ட் ஸோனே என்ற கம்பெனி இருந்தது. பீர் தயாரிப்பவர்களுக்கு மால்ட் பதப்படுத்தும் இயந்திரங்கள் செய்கிற குடும்ப நிறுவனம். ஆஷ்விட்ஸுக்கும் புஹென்வால்ட் முகாமுக்கும் பிணம் எரிக்கும் உலைகளைச் செய்து கொடுத்தவர்கள் இவர்கள்தான். விஷவாயு அறைகளுக்குக் காற்றோட்டக் கருவிகளும் இவர்களுடையவை. உலை வியாபாரம் அவர்களது மொத்த வருமானத்தில் மிகச் சிறிய பங்கு. கட்டாயப்படுத்தி யாரும் செய்ய வைக்கவில்லை. பொறியாளர் குர்ட் ப்ரூஃபர் ஆஷ்விட்ஸுக்கே நேரில் போய் வேலையைப் பார்த்தவர். இன்னொருவர், ஃப்ரிட்ஸ் ஸாண்டர், நிறுத்தாமல் எரித்துக்கொண்டே இருக்கிற உலை ஒன்றை வடிவமைத்து 1942-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

அந்த நிர்வாகக் கட்டடம் 2011 முதல் நினைவிடம். கம்பெனியின் கடிதங்களில் வழக்கமாக வரும் ‘உங்களுக்காகப் பணி செய்வதில் எப்போதும் மகிழ்ச்சி’ என்ற வரியை வெளிச்சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். மேல் மாடியில் வரைபடம் போடுகிறவர்களின் கூடம். அந்த ஜன்னலருகே நின்று பாருங்கள். தூரத்தில் எட்டர்ஸ்பெர்க் குன்று தெரியும். புஹென்வால்ட் முகாம் அந்தக் குன்றில்தான் இருந்தது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டுத் தலையைத் தூக்கினால் அவர்களுக்கும் அது தெரிந்திருக்கும். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஆனால் வாடிக்கையாளர் ஒன்றைக் கேட்டால் அதை இன்னும் சிறப்பாக எப்படிச் செய்து கொடுப்பது என்று யோசிக்கிற பழக்கம் உங்களுக்கும் எனக்கும் இருக்கிறது. அந்தக் கூடத்தில் நான் அழவில்லை. பயந்தேன்.

மகள் விஷயம். ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகமே பதினாலு வயதுக்குக் கீழே உள்ளவர்களை அழைத்து வர வேண்டாம் என்றுதான் சொல்கிறது. அதைக் கேளுங்கள், அவசரமில்லை. பெர்லினில் நடக்கும்போது நடைபாதையில் உள்ளங்கை அளவில் சின்னப் பித்தளைத் தகடுகள் பதித்திருப்பதைப் பார்ப்பீர்கள். குன்ட்டர் டெம்னிக் என்ற கலைஞர் 1990-களில் தொடங்கிய வேலை. இன்று ஐரோப்பா முழுவதும் ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. இந்த வீட்டில் வாழ்ந்தவர் பெயர், பிறந்த ஆண்டு, கொண்டுபோகப்பட்ட நாள், கொல்லப்பட்ட இடம் எல்லாம் அதில் இருக்கும். லைப்ஸிக்கிலும் நிறைய உண்டு. அவளாகவே குனிந்து படிக்கட்டும். பிறந்த ஆண்டைக் கழித்து வயதைக் கண்டுபிடிக்க அவளுக்குத் தெரியும். கேள்வி கேட்டால் தெரிந்ததைச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள். 17-ஆம் நடைமேடைக்கும் அவளை அழைத்துப் போகலாம். அங்கே பயமுறுத்தும் படம் எதுவும் கிடையாது.

எர்ஃபுர்ட்டுக்கு முதலில் நீங்கள் மட்டும் போய்விட்டு வாருங்கள். காலையில் அதைப் பார்த்துவிட்டு வைமார் வரை ரயில், அங்கிருந்து 6-ஆம் எண் பஸ் உங்களைப் புஹென்வால்டில் இறக்கிவிடும். இரண்டு நினைவிடங்களுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. புஹென்வால்டின் எரிகூடத்தில் உலைகள் அப்படியே இருக்கின்றன, செய்த கம்பெனியின் பெயரோடு. திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், கண்காட்சிகளை மூடியிருப்பார்கள்.