மக்கள் செல்வாக்கு சரிந்ததும் பிரதமரையே தூக்கிவிடுகிறார்களே, ஆஸ்திரேலியக் கட்சிகள் ஏன் இப்படி?

கேள்விக்குள்ளேயே ஒரு பதிலை ஒளித்துவைத்திருக்கிறீர்கள்: செல்வாக்கு சரிந்தது, அதனால் தூக்கினார்கள் என்று. நான் 2009 தொடக்கத்தில் சிட்னிக்கு வந்து சேர்ந்தவன். அதன் பிறகு என் கண்முன்னே நான்கு பிரதமர்களை அவரவர் கட்சிக்காரர்களே இறக்கியிருக்கிறார்கள். பார்த்தவரை சொல்கிறேன், கருத்துக்கணிப்பு என்பது பெரும்பாலும் சாக்குதான். கட்சிக்குள் நெடுநாளாகப் புகைந்துகொண்டிருக்கும் பகைக்கு அது நாள் குறித்துக் கொடுக்கிறது.

முதலில் நடைமுறை. இங்கே இதற்கு ‘ஸ்பில்’ என்று பெயர். தலைவர் பதவி காலி என்று ஒரு தீர்மானம். அது நிறைவேறினால் அதே அறையில் அப்போதே போட்டி. இங்கே இரண்டு பெரிய கட்சிகள். லிபரலில் இன்றும், லேபரில் 2013 வரையும், வாக்களிப்பவர்கள் கட்சியின் எம்.பி.க்களும் செனட்டர்களும் மட்டும், ஏறக்குறைய நூறு பேர். ரகசிய வாக்கெடுப்பு என்பதால் காலையில் தோளில் கைபோட்டவர் மதியம் யாருக்குப் போட்டார் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். நாடாளுமன்றத்தைக் கலைக்க வேண்டியதில்லை, மக்களிடம் போக வேண்டியதில்லை. ஆஸ்திரேலிய அரசியல் சாசனத்தைப் புரட்டிப் பாருங்கள், அதில் பிரதமர் என்ற பதவியைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கிடையாது. போதாக்குறைக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை தேர்தல். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ‘தி ஆஸ்திரேலியன்’ நாளிதழில் ‘நியூஸ்போல்’ கணிப்பு வரும். நம் ஊரில் ராசிபலன் பார்ப்பதுபோல எம்.பி.க்கள் அதைப் பார்ப்பார்கள்.

என் முதல் வாக்கு 2016 ஜூலை 2 அன்று. வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடி. வாசலில் பெற்றோர் சங்கத்தார் ரொட்டித் துண்டில் தொத்திறைச்சி வைத்து விற்பார்கள், அது இங்கே தேர்தல் சடங்கு. நான் சைவம். வெங்காயத்தை மட்டும் வதக்கி வைத்துத் தாருங்கள் என்றதும் அந்த அம்மா ஒரு கணம் முழித்துவிட்டு, இரண்டு கரண்டி வெங்காயம் போட்டுக் கொடுத்தார். அந்தத் தேர்தலில் பிரதமர் மால்கம் டர்ன்புல்லின் லிபரல்-நேஷனல்ஸ் கூட்டணி மயிரிழையில் பிழைத்தது. இரண்டே ஆண்டில் அவரும் வீட்டுக்குப் போனார்.

அந்தக் கடைசி வாரத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ‘செல்வாக்குச் சரிவு’ என்ற விளக்கம் எங்கே இடிக்கிறது என்று அதில்தான் தெரியும். 2015 செப்டம்பரில் அப்போதைய பிரதமர் டோனி அபாட்டைக் கவிழ்த்தபோது டர்ன்புல் சொன்ன காரணங்களில் ஒன்று, தொடர்ந்து முப்பது நியூஸ்போல்களில் தோற்றுவிட்டோம் என்பது. தனக்கான சுருக்கை அன்றே அவர் முடிந்துவைத்துவிட்டார். 2018 ஏப்ரலில் அவருடைய கணக்கும் முப்பதைத் தொட்டது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், நல்ல பிரதமர் யார் என்று கேட்டால் அப்போதும் மக்கள் எதிர்க்கட்சித் தலைவர் பில் ஷார்ட்டனைவிட டர்ன்புல்லைத்தான் சொன்னார்கள். அவரைச் சாய்த்தது மின்சாரமும் பருவநிலையும். கார்பன் உமிழ்வுக் குறைப்பைச் சட்டமாக்கும் திட்டத்தைச் சொந்தக் கட்சியின் வலதுசாரிகளே எதிர்த்தார்கள், முன்வரிசையில் அபாட். டர்ன்புல் இறங்கிவந்து திட்டத்தைத் தள்ளிவைத்த பிறகும் அவர்கள் விடவில்லை.

2018 ஆகஸ்ட் 21, செவ்வாய்க்கிழமை டர்ன்புல்லே திடீரென்று வாக்கெடுப்பு வைத்தார். வலதுசாரிகளின் ஆளான அமைச்சர் பீட்டர் டட்டன் எதிர்த்து நின்றார். 48க்கு 35. ஜெயித்தவர் முகத்தில் களையே இல்லை, முப்பத்தைந்து என்பது அத்தனை பெரிய எண். மறுநாள் நிதியமைச்சர் ஸ்காட் மாரிசன் பத்திரிகையாளர்கள் முன்னால் டர்ன்புல் தோளில் கைபோட்டு, இவர் என் தலைவர், என் ஆசையெல்லாம் இவருக்காகத்தான் என்ற பொருளில் சிரித்துக்கொண்டே பேசினார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, “இந்த ஆள்தான் அடுத்தவர்” என்றாள். நான் நம்பவில்லை.

வெள்ளிக்கிழமை, ஆகஸ்ட் 24. அலுவலகத்துச் சாப்பாட்டறையில் மைக்ரோவேவில் என் ரசம் சாதம் சுற்றிக்கொண்டிருக்கிறது, எல்லாக் கண்ணும் தொலைக்காட்சியில். எண்பத்தைந்து பேரில் பெரும்பான்மையான 43 பேர் கையெழுத்துப் போட்டுத் தந்தால்தான் மறுபடி கூட்டம் என்று டர்ன்புல் அடம்பிடித்திருந்தார். அந்த 43ஆவது கையெழுத்தைப் போட்டவர் வாரன் என்ட்ஷ் என்ற குயின்ஸ்லாந்து எம்.பி. தன் பெயருக்குப் பக்கத்தில், ‘பிரெண்டன் நெல்சனுக்காக’ என்று எழுதிவைத்தார். யார் இந்த நெல்சன்? 2008இல் டர்ன்புல் கவிழ்த்துவிட்டுத் தலைவரானாரே, அந்த எதிர்க்கட்சித் தலைவர். பத்தாண்டுப் பாக்கி. எந்தக் கருத்துக்கணிப்பும் இதை அளக்காது.

அப்புறம் போட்டியைப் பாருங்கள். டர்ன்புல் விலகிக்கொள்ள, களத்தில் நின்ற மூன்று பேரில் மக்களிடம் நல்ல பெயர் பெற்றிருந்தவர் வெளியுறவு அமைச்சர் ஜூலி பிஷப். செல்வாக்குதான் அளவுகோல் என்றால் அவர்தான் ஜெயித்திருக்க வேண்டும். முதல் சுற்றில் டட்டன் 38, மாரிசன் 36, பிஷப் 11. பிஷப் வெளியே. டட்டனைத் தடுக்க வேண்டுமானால் மாரிசனுக்குப் போடுங்கள், பிஷப்புக்குப் போட்டு வீணாக்காதீர்கள் என்று மிதவாத எம்.பி.க்கள் ஒரு வாட்ஸ்அப் குழுவில் பேசிக்கொண்டது பிற்பாடு கசிந்தது. இரண்டாம் சுற்றில் மாரிசன் 45, டட்டன் 40. கொறடா வந்து அறிவித்தபோது எங்கள் அறையில் ஒருவர், வாழ்நாள் முழுக்க லிபரலுக்கே வாக்களித்தவர், தட்டை வைத்துவிட்டு, “என்னை யாராவது கேட்டார்களா?” என்றார். என் ரசம் சாதம் ஆறிப்போயிருந்தது.

லேபர் கட்சி மட்டும் யோக்கியமா என்றால், இந்தக் கதையைத் தொடங்கிவைத்ததே அவர்கள்தான். 2010 ஜூன் 23 இரவு நான் தூங்கப் போகும்போது கெவின் ரட் பிரதமர். மறுநாள் பகலில் ஜூலியா கில்லார்ட். நீக்கப்பட்ட அந்த வாரத்து நியூஸ்போலில் லேபர் 52க்கு 48 என்று முன்னிலையில் இருந்தது! ரட்டின் தனிப்பட்ட மதிப்பு இறங்கியிருந்தது உண்மை. கார்பன் உமிழ்வு உரிமங்களை வாங்கி விற்கும் திட்டத்தைக் கிடப்பில் போட்டதும், சுரங்க நிறுவனங்களோடு வரிச் சண்டைக்குப் போனதும் அவரை அடித்தன. ஆனால் சக அமைச்சர்கள் அவரைத் தூக்கியதற்கு உண்மைக் காரணம், அவரோடு வேலை செய்ய முடியவில்லை என்பது. கோப்புகள் தேங்கும், முடிவுகள் நாலைந்து பேருக்குள் முடியும், கத்துவார் என்றெல்லாம் பிறகு வெளிவந்தது. அதை அன்றே மக்களிடம் சொல்லவில்லை. நல்ல அரசாங்கம் வழிதவறிவிட்டது என்று பூசி மெழுகினார் கில்லார்ட். என் பார்வையில் அவர்கள் செய்த மாபெரும் பிழை கவிழ்த்தது கூட அல்ல, இந்த மழுப்பல்தான். காரணம் தெரியாமல் நடந்த கொலையாகவே ஊர் அதைப் பார்த்தது. பழி முழுக்க கில்லார்ட் தலையில் விழுந்தது. 2012 பிப்ரவரியில் துணைப் பிரதமர் வெய்ன் ஸ்வான் உட்படப் பலர் ரட்டைப் பற்றி மனம்திறந்து திட்டினார்கள்; வாக்கெடுப்பில் கில்லார்ட் 71க்கு 31 என்று அவரை நசுக்கினார். பதினாறு மாதம் கழித்து, 2013 ஜூன் 26 அன்று, திட்டிய அதே கட்சி 57க்கு 45 என்று ரட்டையே திரும்ப அழைத்துவந்தது. செப்டம்பர் தேர்தலில் அவரோடு சேர்ந்தே தோற்றது.

எதிர் உதாரணம் லிபரல் பிரதமர் ஜான் ஹோவர்ட். 2007 செப்டம்பரில் சிட்னியில் ஆசிய-பசிபிக் நாடுகளின் ஏபெக் மாநாடு நடந்த வாரத்தில், அவரைத் தோல்வி நெருங்குவது அவர் அமைச்சர்களுக்கே தெரிந்திருந்தது. வெளியுறவு அமைச்சர் அலெக்சாண்டர் டவுனர் சகாக்களைக் கூட்டிக் கேட்டபோது, போய்விடுவது நல்லது என்றே பெரும்பாலோர் நினைத்தார்கள். ஹோவர்ட், நானாகப் போக மாட்டேன் என்றார். தள்ளிவிட ஒருவருக்கும் மனம் வரவில்லை. பதினொரு ஆண்டு வெற்றி தேடித்தந்தவர்மேல் மரியாதை இருந்தது, வெறுப்பு இல்லை. நவம்பரில் ஆட்சியும் போனது, பென்னலாங் தொகுதியில் அவருடைய சொந்த இடமும் போனது.

தலைவரை மாற்றியதால் பயன் கிடைத்த கதையும் உண்டு, மறைக்கக் கூடாது. 1983 பிப்ரவரி 3 அன்று, தேர்தல் அறிவிக்கப்பட்ட அதே நாளில், எதிர்க்கட்சியாக இருந்த லேபர் தன் தலைவர் பில் ஹேடனை இறக்கிவிட்டு பாப் ஹாக்கை ஏற்றியது. இன்றிருக்கும் நிலையில் மாட்டிடையன் வளர்க்கும் நாய்கூட லேபரை ஜெயிக்கவைத்துவிடும் என்று ஹேடன் மனம் வெதும்பிச் சொன்னார். ஹாக் நான்கு தேர்தல் ஜெயித்தார். பிறகு அவரையும் 1991 டிசம்பரில் பால் கீட்டிங் 56க்கு 51 என்று தள்ளிவிட்டார். அது வேறு கதை.

விதிகளை இப்போது இறுக்கிவிட்டார்கள். 2013இல் ரட் திரும்பிவந்ததும் செய்த முதல் வேலை, லேபர் பிரதமரை அசைக்க வேண்டுமானால் எம்.பி.க்களில் முக்கால்வாசிப் பேர் கையெழுத்திட வேண்டும் என்று விதியை மாற்றியது. தான் ஏறிய ஏணியை எட்டி உதைத்தார் என்றும் சொல்லலாம். டர்ன்புல்லுக்குப் பிறகு, 2018 டிசம்பரில் லிபரல்களும் தேர்தலில் வென்ற பிரதமரை இறக்க மூன்றில் இரண்டு பங்கு எம்.பி.க்கள் வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். இதன் பலனை அனுபவித்தவர் லேபர் பிரதமர் ஆந்தனி அல்பனீஸ். 2025 தொடக்கத்தில் கணிப்புகளில் பின்தங்கிக் கிடந்தார். பழைய லேபராக இருந்தால் பத்திரிகைகள் ஸ்பில் தேதியே குறித்திருக்கும். ஒருவரும் அசையவில்லை. மே 3 தேர்தலில் 150 இடங்களில் 94ஐப் பிடித்தார்.

அதே தேர்தலில் டட்டன் தன் டிக்சன் தொகுதியையே இழந்தார். அதன் பிறகு லிபரல்களுக்குத் தலைவரானவர் சூசன் லே, அந்தக் கட்சியின் முதல் பெண் தலைவர். எண்கணிதம் பார்த்துத் தன் பெயரில் ஓர் ‘எஸ்’ கூட்டிக்கொண்டவர் என்பது நம்மவர்களுக்குப் பிடிக்கும் செய்தி. எண்கள் கட்சிக்குள் அவ்வளவு உதவவில்லை: ஆங்கஸ் டெய்லரை எதிர்த்து 29க்கு 25. ஒரே வாரத்தில் கூட்டாளியான நேஷனல்ஸ் கட்சி உறவை முறித்துக்கொண்டு போய், எட்டு நாளில் திரும்பிவந்தது. கார்பன் உமிழ்வு பற்றிய டர்ன்புல் காலத்துச் சண்டை, அதைப் பூஜ்ஜியமாக்கும் இலக்கை வைத்துக்கொள்வதா, தூக்கியெறிவதா என்ற வடிவில் 2025இலும் தொடர்ந்தது.

சாப்பாட்டறை நண்பர் இன்னமும் லிபரலுக்குத்தான் வாக்களிக்கிறார். சூசன் லே ஜெயித்த செய்தி வந்த அன்று அவரிடம், புதுத் தலைவரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். “அந்த 25 பேர் யார் யார் என்று முதலில் சொல்” என்றார்.