கேளுங்க சொல்றேன்: வலை, நேர்ச்சை, ஞாயித்துக்கிழம பூச

இந்த மாசம் வந்த கேள்விகள்ல முக்காவாசி நம்ம கரையோரத்துலேர்ந்து தான், பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், தொண்டின்னு. பேரு போட வேணாம்னு எல்லாருமே எழுதியிருக்கீங்க, அதனால யாரு பேரும் போடல. சில கடிதாசி நாலு பக்கம், சுருக்கித்தான் போட்டிருக்கேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, நான் விசைப்படகுல டிரைவர். எங்களுக்கு திங்க, புதன், சனி தான் கடல். சனிக்கிழம டோக்கன் வாங்கிட்டு போனா ஞாயித்துக்கிழம காலைல தான் கரைய புடிக்கிறோம். மீன எறக்கி எறாவ பிரிச்சு ஐஸ் போட்டு வண்டில ஏத்தி முடிக்கைல பூச முடிஞ்சு ஜனமெல்லாம் வீட்டுக்கு போயிரும். ஞாயிறு பூசைய விட்டா சாவான பாவம்னு எங்கம்மா தெனம் சொல்லிக் காட்டுது. நான் என்ன செய்ய?
(ராமேஸ்வரம் வாசகர்)

பதில்: அம்மாவ மொதல்ல சமாதானப்படுத்துவோம் தம்பி. போக முடிஞ்சும் வேணும்னே விடுறது தான் பாவம். நோயாளி, கைக்கொழந்தைய வச்சிருக்கவ, இப்படி தக்க காரணம் இருக்கவுகளுக்கு கடமை இல்லன்னு திருச்சபையே சொல்லுது, பங்குச்சாமியாரும் விலக்கு குடுக்கலாம். சனிக்கிழம கடல் நீ எடுத்த முடிவு இல்ல, போட்டுகளும் நாட்டுப்படகுகளும் ஒரே நாள்ல மோதிக்க கூடாதுன்னு பிரிச்சு வச்ச முறை. அதுக்காக உன் தலைல பாவத்த கட்ட முடியாது.

ஆனா ஒண்ணு. ஞாயித்துக்கிழமங்குறது காலை எட்டு மணியோட முடிஞ்சு போறதில்ல. அன்னைக்கு சாயங்காலம் எந்த ஊர்ல பூச பாத்தாலும் கணக்கு தான். உங்க பங்குல சாயங்கால பூச இல்லன்னா, ஒன்ன மாதிரி சனிக்கடல் போறவங்க அஞ்சாறு பேரு சேந்து போயி ஃபாதர்ட்ட கேளுங்க, நீங்க கேக்காம அவருக்கு எப்படி தெரியும், அவரு காலைல நெறஞ்ச கோயிலத்தான பாக்குறாரு. சாயங்காலம் பூச வச்சும் நீ கடைத்தெருவுல சீட்டு போட்டுட்டு உக்காந்திருந்தா, அப்புறம் கடல் மேல பழி போடாத. தடைக்காலத்துல ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் போட்டு கரைல தான நிக்கிது, அப்பவாச்சும் ஒரு ஞாயிறு விடாம போ. அம்மா வாயும் அடங்கும்.

கேள்வி: நாங்க நாட்டுப்படகு. ராத்திரி நண்டு வலைய விட்டுட்டு வந்தோம், விடியக்காலம் போயி பாத்தா பாதி வலை இல்ல, மிதவை மட்டும் கெடக்கு. எந்த லாஞ்ச் (விசைப்படகு) இழுத்துட்டு போச்சுன்னு தெரியும், பாத்தவங்க இருக்காங்க. ஓனர் எங்க பங்குக் கோயில் ஆளு தான், எங்க அன்பியத்துலயும் (பக்கத்து வீடுக சேந்து ஜெபிக்கிற குழு) இருக்காரு. போயி கேட்டா "கிறிஸ்தவன்னா மன்னிக்கணும்யா, பரலோக மந்திரத்துல 'நாங்க மன்னிக்கிற மாதிரி எங்களையும் மன்னியும்'னு தெனம் சொல்றதில்லையா" அப்படிங்குறார். இந்த வருசம் சப்பரத்துக்கு பூ ஜோடனை முழுக்க அவரு செலவு. மன்னிச்சுட்டா நஷ்டத்த கேக்க கூடாதாக்கா?
(பாம்பன் வாசகர்)

பதில்: இத படிச்சுட்டு எனக்கு வந்த கோவத்த இங்க எழுத முடியாது, எடிட்டர் வெட்டிருவாரு.

கேக்கலாம்பா. தாராளமா கேக்கலாம், கேக்கணும். மன்னிக்கிறது உன் வேலை, ஈடு கட்டுறது அவரு வேலை, உன் வேலைய செஞ்சுட்டேன்னு அவரு வேலை ரத்தாகாது. சக்கேயு கதைய எடுத்துக்க, மரத்துல ஏறி இயேசுவ பாத்த அந்த குள்ள மனுசன். இயேசு அவன் வீட்டுக்கு வந்தாரு, சாப்ட்டாரு, ஒரு வார்த்தை திட்டல. அவனா எந்திரிச்சு, யார்ட்டயாச்சும் ஏமாத்தி வாங்கியிருந்தா நாலு மடங்கா திருப்பி குடுக்குறேன்னு சொன்னான். அதுக்கு அப்புறம் தான் இந்த வீட்டுக்கு மீட்பு வந்துச்சுன்னு இயேசு சொல்றாரு. நாலு மடங்கு! நீ ஒரு மடங்கு தான கேக்குற.

பாவசங்கீர்த்தனத்துலயும் அதே தான். அடுத்தவன் பொருள அழிச்சுட்டு, சாமியார்ட்ட போயி சொல்லிட்டு வந்தா மட்டும் முடியாது, முடிஞ்ச அளவுக்கு ஈடு செய்யணும்னு நம்ம மறைக்கல்வில சின்ன வயசுல படிச்சது தான், ஓனருக்கும் அதே உபதேசியார் தான் சொல்லிக் குடுத்திருப்பாரு. அப்புறம் அந்த பூ ஜோடனை. பீடத்துல காணிக்கை வைக்க போறப்ப ஒன் சகோதரனுக்கு ஒம்மேல மனத்தாங்கல் இருக்குன்னு ஞாபகம் வந்தா, காணிக்கைய அங்கயே வச்சுட்டு மொதல்ல போயி சமாதானமாகிட்டு வான்னு மத்தேயு அஞ்சாம் அதிகாரத்துல இருக்கு. சம்மங்கியும் ரோசாவும் சப்பரத்துல ரெண்டு நாள்ல வாடிரும், உன் வலை போனது ஒரு சீசன் பொழப்பு. நண்டு வலை முடிஞ்சு மிதவை கட்டி ஈயம் கோத்து கடல்ல எறக்குறதுக்கு வீட்டு பொம்பளைங்க எத்தன நாள் திண்ணைல உக்காருறாங்கன்னு அவரு வீட்டம்மாவுக்கு தெரியாதா என்ன, அவங்களும் இந்த கரைல பொறந்தவங்க தான.

சட்டமும் உன் பக்கம் தான். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983லேர்ந்து இருக்கு, கரைய ஒட்டி நாட்டுப்படகுக்குன்னு விட்டு வச்ச தூரத்துக்குள்ள விசைப்படகு மடி இழுக்க கூடாது. உன் வலை அதுக்குள்ள கெடந்துச்சுன்னா பேச்சே இல்ல.

எப்படி கேக்குறதுங்குறதுக்கும் வழி இருக்கு, மத்தேயு 18ல. மொதல்ல தனியா போயி பேசு. நீ போயிட்ட. கேக்கலன்னா ஒண்ணு ரெண்டு பேர கூட்டிட்டு போ, ராத்திரி பாத்தவங்க இருக்காங்கன்னியே, அவங்க தான் அந்த ரெண்டு பேரு. அதுக்கும் மசியலன்னா சபைல சொல்லுன்னு இருக்கு, இங்க அன்பியக் கூட்டம், ஊர்க் கூட்டம், சங்கம், எதுல நியாயம் நடக்குமோ அதுல சொல்லு. கடைசில மீன்வளத்துறைல மனு. ஆனா பதிலுக்கு ராத்திரியோட ராத்திரியா அவரு போட்டு கயித்த அறுக்குற வேலை மட்டும் வேணாம், ஒன் கூட்டாளிக யாராச்சும் இந்நேரம் அத பேசியிருப்பானுக, எனக்கு தெரியும். மன்னிக்கிறதுங்குறது அங்க தான் வருது. காச கேளு, பழிய விடு. காசு வந்தாலும் வராட்டியும் அவரு வீட்டு கல்யாணத்துக்கு போ, அவுக வீட்டு இழவுக்கு நில்லு. சிரமம் தான், இல்லங்கல.

கேள்வி: என் வீட்டுக்காரர இலங்கை நேவி புடிச்சுட்டு போனப்ப, திரும்பி வந்தா வேர்க்காடு சந்தியாகப்பர் கோயில்ல அசனம் (ஊருக்கே சோறு) போடுறேன்னு நேந்துக்கிட்டாரு. சாமி புண்ணியத்துல வந்துட்டாரு, ஆனா போட்டு அங்கயே நிக்கிது. இப்ப திருவிழா வருது, என் காதுல கெடக்குறத அடகு வைக்க கேக்குறாரு, மீதிக்கு மீட்டர் வட்டிக்கு வாங்கலாங்குறாரு. மூத்தவளுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும். வேணாம்னு சொன்னா சாமி குத்தமாயிருமா?
(தங்கச்சிமடம் வாசகி)

பதில்: ஆகாதும்மா. சந்தியாகப்பரும் கடல் தொழிலாளி தான், செபதேயு மகன், அப்பாவோட படகுல உக்காந்து வலை பழுது பாத்துட்டு இருந்தவரு, அவருக்கு தெரியாத தரித்திரமா.

நேர்ச்சைங்குறது கடவுளுக்கு குடுத்த வாக்கு, அத லேசா விட சொல்ல மாட்டேன், உன் வீட்டுக்காரரு மனசுல நன்றி இருக்கு, அது பெரிய விஷயம். ஆனா நெறைய பேருக்கு தெரியாத ஒண்ணு, தனிப்பட்ட நேர்ச்சைய பங்குச்சாமியாரே தக்க காரணம் இருந்தா விலக்கி விடலாம், இல்லன்னா வேற ஒண்ணா மாத்தியும் குடுக்கலாம், திருச்சபை சட்டத்துலயே இருக்கு. ரெண்டு பேரும் ஒண்ணா போயி, அடகு கதை, வட்டி கதை, புள்ள ஃபீஸ் கதை எல்லாத்தையும் ஒளிக்காம சொல்லுங்க. அவரு தனியா போனா அசனத்த மட்டும் தான் சொல்லுவாரு, ஆம்பளைங்க அப்படித்தான். ஊருக்கே சோறு போடுறதுக்கு பதிலா, ஆள் இன்னும் அக்கரை ஜெயில்ல கெடக்குற ஒரு வீட்டுக்கு ஒரு மாச அரிசி எடுத்து குடுன்னு ஃபாதர் சொன்னாருன்னா வச்சுக்க, அதுவும் அன்னதானம் தான், அத யாரும் மைக்ல சொல்ல மாட்டாங்க, அவ்ளோ தான் வித்தியாசம்.

ஃபீஸ் கட்டு. மீட்டர் வட்டி வீட்டுக்குள்ளயே நுழைய கூடாது.

கேள்வி: அருளானந்தர் ரத்தம் சிந்துன ஓரியூர் செம்மண்ண மஞ்சத்துணில முடிஞ்சு எஞ்சின் பக்கம் கட்டி வச்சிருக்கேன். இது மூடநம்பிக்கைன்னு பெந்தெகொஸ்தே சபைக்கு போற என் மச்சான் கிண்டல் பண்றான்.
(தொண்டி வாசகர்)

பதில்: இருந்துட்டு போகட்டும், மண்ணு யாரையும் கடிக்கல. ஆனா அந்த மண்ணுல ரத்தம் ஏன் விழுந்துச்சுன்னு மச்சானுக்கும் சொல்லு, நீயும் நெனச்சுக்க. போர்ச்சுக்கல்லேர்ந்து வந்த சாமியார் அருளானந்தர் ஏதோ போதனை பண்ணாரு, வெட்டிட்டாங்கன்னு மேலோட்டமா சொல்லிட்டு போயிருவோம். விஷயம் ஒரு வீட்டுக்குள்ள நடந்தது. மறவர் சீமை இளவரசர் தடியத்தேவர் ஞானஸ்நானம் கேட்டப்ப, ஒரு மனைவியோட மட்டும் வாழணும்னு அருளானந்தர் சொல்லிட்டாரு, அவரும் சரின்னு மத்த மனைவிமார அனுப்பிட்டாரு. அதுல ஒருத்தி சேதுபதி மன்னரோட அண்ணன் மகளோ அக்கா மகளோ, நெருங்குன சொந்தம். அங்க புடிச்ச நெருப்பு தான் 1693 பிப்ரவரி 4ல ஓரியூர்ல வந்து முடிஞ்சுது. அனுப்பப்பட்ட அந்த பொம்பளைங்க நெலைமை என்னாச்சுன்னு நான் அடிக்கடி யோசிக்கிறதுண்டு, அது தனிக் கதை. மண்ண கட்டுனவன் வீட்ல சம்சாரத்த எப்படி வச்சிருக்கான்னு தான் நான் பாப்பேன். உன்ன தெரியாது, பொதுவா சொல்றேன்.

கேள்வி: அக்கா எனக்கு 22 வயசு. கடல் அட்டை மூட்டைய ராத்திரில நடுக்கடல் வரைக்கும் கொண்டு போயி குடுத்தா போதும்னு மாமா ஒருத்தர் கூப்புடுறார், ஒரு நைட்டுக்கு நல்ல காசு. நான் புடிக்கல, அவிக்கல, காய வைக்கல, சும்மா கொண்டு போறேன். அக்கரை இலங்கைல லைசென்ஸ் வாங்கி பகல்லயே புடிக்கிறாங்க. கடவுள் படைச்ச கடல் ஒண்ணு தான, இங்க மட்டும் எப்படி பாவமாகும்?
(மண்டபம் வாசகர்)

பதில்: கேள்விய நல்லாத்தான் அடுக்கியிருக்க. உன் பக்க நியாயத்தயே மொதல்ல சொல்றேன். 2001ல அட்டைய வனஉயிரினச் சட்டத்துல முதல் அட்டவணைல சேத்தாங்க, யானை புலி இருக்க அதே பட்டியல், புடிக்கவோ விக்கவோ கூடாது. அது வரைக்கும் அதுல பொழச்ச குடும்பம் இந்த கரைல எத்தனையோ, மறுநா என்ன திங்கிறதுன்னு யாரும் அவங்கள கேக்கல. அந்த கோவம் நியாயமானது. சட்டத்த மாத்த சொல்லி சங்கம் மனு குடுக்குது, போராடுது, நீயும் போயி நில்லு, அது பாவமே இல்ல.

அட்டைக்கும் ஒரு வேலை இருக்குப்பா. அடிமண்ண தின்னு, அதுல இருக்க அழுக்க எடுத்துட்டு, சுத்தமா வெளிய விடுது. அத வாரிட்டு போனா அடித்தரை கெட்டுப்போகும், அப்புறம் உன் சித்தப்பா நண்டு வலைல என்னத்த எடுப்பாரு. ஆண்டவர் ஆதாம தோட்டத்துல விட்டது பண்படுத்தவும் காக்கவும்னு தொடக்கநூல்ல இருக்கு, காக்குறதுங்குறத மட்டும் நாம படிக்கிறப்ப தாண்டிருறோம்.

சரி, அதெல்லாம் விடு, உன் மாமாவ பாப்போம். மூட்டை அவரோடது, லாபம் அவரோடது, வத்தைல (சின்ன நாட்டுப்படகுல) உக்காரப் போறது நீ. மாட்டுனா மூணு வருசத்துலேர்ந்து ஏழு வருசம் வரைக்கும் உள்ள, படகும் போகும். மாமா அன்னைக்கு ராத்திரி வீட்ல கட்டில்ல படுத்திருப்பாரு. பாவ புண்ணியத்த அப்புறம் பேசலாம், மொதல்ல இதுல உன்ன எதுக்கு வச்சிருக்காங்கன்னு புரியுதா? நாம வத்தைய தள்ளுறதுக்கு முன்னாடி கடல்தண்ணிய தொட்டு நெத்தில சிலுவை போடுவோம்ல, அந்த மூட்டைய வச்சுட்டு போடுறதுக்கு கை வருமான்னு நீயே யோசி, நான் சொல்லல.

காசு வேணும், அது எனக்கும் தெரியுது. மண்டபத்துலயே மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் இருக்கு, கூண்டுல கடல்விரால் வளக்குறதெல்லாம் அங்க கத்துக்குடுக்குறாங்க, ஒரு நாள் போயி விசாரி. ஒரே நைட்டுல காசு வராது, மாசக்கணக்காகும், பொய் சொல்ல மாட்டேன். மாமாட்ட "அம்மா விடல"ன்னு சொல்லிரு, அவருக்கு இவ்ளோ விளக்கம் தேவையில்ல.

கேள்வி: பக்கத்து வீட்டு இந்து அக்கா விநாயகர் சதுர்த்திக்கு கொழுக்கட்டை குடுத்தாங்க. வாங்கிட்டேன். சாப்பிடலாமா, கூடாதா? எங்க ஜெபக்குழுல ஒருத்தங்க தூக்கி போட சொன்னாங்க.
(ராமநாதபுரம் வாசகி)

பதில்: தூக்கி போடுறதா! சிலைக்கு படைச்சதப் பத்தி பவுலடியார் கொரிந்தியருக்கு ரெண்டு மூணு அதிகாரம் எழுதியிருக்காரு, சிலை ஒண்ணுமில்ல, சாப்பாடு நம்மள கடவுள்ட்ட சேக்கவும் செய்யாது பிரிக்கவும் செய்யாது, ஆனா பலவீனமான ஒருத்தரு அத பாத்து தடுமாறுவாருன்னா அவரு மனசுக்காக விட்டுரு, அதே மாதிரி படைச்ச எடத்துலயே பந்தில உக்காராதன்னு. உன் விஷயத்துல படைச்ச எடமும் இல்ல பந்தியும் இல்ல, ஒரு அக்கா வாசல்ல வந்து அன்பா நீட்டுன தட்டு. சந்தியாகப்பர் திருவிழாவுக்கு இந்துக்களும் முஸ்லிம்களும் வந்து நிக்கிற சீமை இது, அவங்க யாரும் நம்ம அசனச் சோத்த தூக்கி போட்டு நான் பாத்ததில்ல. மனசு ஒப்பலன்னா நீ சாப்பிடாத, கட்டாயமில்ல, புள்ளைங்க சாப்பிடட்டும். ஜெபக்குழு அக்காவுக்கு எதிர்ல வச்சு சாப்பிடாத, அவ்ளோ தான். தட்ட வெறுமனே திருப்பி குடுக்காத, ரெண்டு வாழப்பழமாச்சும் வச்சு குடு.