அட்டையில் குடும்பப் பெயர் இருந்தால் போதுமா?

கேள்வி: அப்பாவுக்கு வரும் தையில் சதாபிஷேகம். எங்கள் வீட்டில் தாத்தா, அப்பா, அண்ணன் எல்லோர் பெயருக்குப் பின்னாலும் 'பிள்ளை' உண்டு. 'பிள்ளை குடும்ப வரலாறு' என்று ஒரு கெட்டி அட்டைப் புத்தகம் இணையத்தில் 3,500 ரூபாய்க்கு விற்கிறார்கள். அப்பாவின் பெயரைப் பொன்னெழுத்தில் போட்டுத் தருவார்களாம். அதை வாங்கலாமா, இல்லை பிள்ளை என்ற பெயருள்ள எழுத்தாளர்களின் புத்தகங்களைச் சேர்த்துக் கொடுக்கலாமா? அப்பா தமிழில் படித்தவர். என் குழந்தைகள் மலையாளப் பள்ளியில் படிக்கிறார்கள்.
(வாசகி, பாறசாலை)

பதில்: முதலாவது வேண்டாம். இரண்டாவதைத் தாராளமாகச் செய்யுங்கள்.

பிள்ளை என்பது ஒரே குடும்பத்தின் பெயர் இல்லை. வேளாளர் வீடுகளிலும் இருக்கிறது, நாயர் வீடுகளிலும் இருக்கிறது. திருவிதாங்கூர் அரசர்கள் பட்டமாகவும் கொடுத்திருக்கிறார்கள். இத்தனை பேருக்கும் பொதுவாக ஒரு 'குடும்ப வரலாறு' எப்படி எழுத முடியும்? இந்த வியாபாரம் வெளிநாட்டில் எப்போதோ நடந்து முடிந்தது. அமெரிக்காவில் இப்படிக் குடும்பப் பெயர் போட்டு விற்ற புத்தகங்களில் எல்லாப் பெயர்களுக்கும் பொருந்துகிற பொதுப் பக்கங்களும், தொலைபேசிப் புத்தகத்திலிருந்து எடுத்த பெயர் முகவரிப் பட்டியலும்தான் பெரும்பாலும் இருந்தன. அந்த நாட்டு அஞ்சல் துறையே நடவடிக்கை எடுக்க வேண்டியதாயிற்று. உங்களிடம் விற்க வருபவரிடம் பொருளடக்கப் பக்கத்தையும், உள்ளே ஏதாவது பத்துப் பக்கங்களையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் அத்துடன் விட்டுவிடுங்கள். எண்பது வயதுப் பெரியவர் தன் பெயர் பொறித்த புத்தகத்தை ஆசையோடு பிரித்து, உள்ளே தன் வீட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்று பார்க்கக் கூடாது.

சரி, எழுத்தாளர்களுக்கு வருவோம். உங்கள் ஊர்ப் பக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான பரிசு இல்லை என்றே சொல்வேன்.

முதல் புத்தகம், கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் 'நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்'. சொத்து மகனுக்குப் போகாமல் மருமகனுக்குப் போகிற முறையால் வீடுகள் பட்ட பாட்டை ஒரு பெண்ணின் வாயாலேயே சொல்கிற கவிதை. சிரிக்கவும் வைக்கும், தொண்டையை அடைக்கவும் வைக்கும். உங்கள் அப்பாவுக்கு அவருடைய பாட்டி வீட்டுப் பேச்சைக் கேட்பது போல இருக்கும். கவிமணி தேரூர்க்காரர், 1954ல் மறைந்தார். நம் நாட்டில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு முடிந்தால் பதிப்புரிமை போய்விடும். அதனால் இதை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். பல பதிப்புகள் கிடைப்பதற்கும், தரம் ஏறுக்குமாறாக இருப்பதற்கும் அதுதான் காரணம். வட்டார வழக்குச் சொற்களுக்குக் குறிப்பு உள்ள பதிப்பைத் தேடுங்கள், எழுத்தும் பெரிதாக இருக்கட்டும். பேரப்பிள்ளைகளுக்கு அப்பா படித்துக் காட்டும்போது அந்தக் குறிப்புகள் உதவும்.

அடுத்து 'மனோன்மணீயம்'. எழுதிய சுந்தரம் பிள்ளை ஆலப்புழையில் பிறந்து திருவனந்தபுரம் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். 'நீராருங் கடலுடுத்த' இந்த நாடகத்தின் வாழ்த்துப் பாடல்தான். தமிழ்நாட்டில் அரசு விழாக்களில் பாடுவது அதில் ஒரு பகுதி மட்டும், முழுப் பாடல் புத்தகத்தில் இருக்கிறது. நாடகம் வெளியான 1891ஆம் ஆண்டிலேயே இன்னொரு பிள்ளையின் நூலும் வெளியானது: சி.வி. ராமன் பிள்ளையின் மலையாள நாவல் 'மார்த்தாண்டவர்மா'. அதில் வரும் பத்மநாபபுரம் உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரம். உயர்நிலைப் பள்ளி வயதுக் குழந்தை என்றால் படிக்கலாம், சின்னவர்களுக்கு அந்த மலையாளம் கடினம். தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு.

தாத்தாவும் பேரக்குழந்தையும் ஒரே கதையைத் தங்கள் தங்கள் மொழியில் படிக்க வேண்டுமானால் தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'செம்மீன்'தான் சரி. மலையாள மூலம் 1956ல் வந்தது. தமிழில் மொழிபெயர்த்தவர் நாகர்கோவில் சுந்தர ராமசாமி. இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள். தகழி மறைந்தது 1999ல், ஆகவே உரிமை இன்னும் பல ஆண்டுகள் இருக்கும். நம்ப முடியாத மலிவு விலையில் யாராவது விற்றால் அது திருட்டு அச்சாக இருக்கலாம்.

எஸ். வையாபுரிப் பிள்ளையை விடவே கூடாது. திருநெல்வேலிக்காரரானாலும் திருவனந்தபுரத்தில் வக்கீலாக இருந்தவர், பிற்காலத்தில் அங்கேயே பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறைத் தலைவர். 1922ல் மனோன்மணீயத்தைப் பதிப்பித்தவரும் அவர்தான். அவருடைய 'தமிழ்ச் சுடர்மணிகள்' அளவான புத்தகம், பரிசுக்கு நல்லது. அவர் பதிப்பாசிரியராக இருந்து முடித்துக் கொடுத்த தமிழ்ப் பேரகராதி ஆறு தொகுதி, அதற்கு மேல் ஓர் இணைப்புத் தொகுதி. அதை வாங்கச் சொல்ல மாட்டேன். சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணைய அகராதியில் இலவசமாகவே பார்க்கலாம். மலையாளப் பேரகராதிக்கு முதல் பதிப்பாசிரியரும் ஒரு பிள்ளைதான், சூரநாடு குஞ்ஞன் பிள்ளை. இதை உங்கள் அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள், சந்தோஷப்படுவார்.

தேடும்போது 'பிள்ளை' என்று மட்டும் போட்டால் ஆயிரக்கணக்கில் வந்து விழும். 'தேசிகவிநாயகம்', 'வையாபுரி' என்று இயற்பெயரைப் போடுங்கள். நூலகப் பட்டியலில் ஒருவரே இரண்டு மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் இருப்பார். மனோன்மணீயத்தை மதுரைத் திட்டத் தளத்தில் இலவசமாகப் படிக்க முடியும், பிடித்திருந்தால் அப்புறம் அச்சுப் பிரதி வாங்கலாம்.

கேள்வி: டி.கே. வேலுப்பிள்ளை எழுதிய திருவிதாங்கூர் மேனுவல் (அந்தச் சமஸ்தானத்தைப் பற்றிய விவரநூல்) 'முழு நூல்' என்று போட்டிருந்தார்கள். பணம் கட்டிய பிறகு முதல் தொகுதி மட்டும் வந்தது, சில பக்கங்கள் வெள்ளையாக இருக்கின்றன. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்கிறார் விற்றவர். அவர் சென்னையில், நான் இங்கே. எங்கே போய்ப் புகார் கொடுப்பது?
(வாசகர், கொழிஞ்ஞாம்பாறை)

பதில்: சென்னைக்குப் போக வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். உங்களுக்குப் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

அந்த நூல் 1940ல் நான்கு தொகுதிகளாக வந்தது. கேரள அரசின் கெசட்டியர் துறை மறுபதிப்பும் நான்குதான். ஒன்றை அனுப்பிவிட்டு முழு நூல் என்பது தவறான விளம்பரம், வெள்ளைப் பக்கம் பொருளில் குறைபாடு. 'திரும்பப் பெற மாட்டோம்' என்ற வாசகம் இங்கே செல்லாது. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், பில்லில் அப்படி ஒன்றும் இல்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதை அந்தச் சட்டம் முறையற்ற வணிகம் என்றே சொல்கிறது. பில் தர மறுப்பதும் அப்படியே.

இன்றே செய்ய வேண்டியது: வெள்ளைப் பக்கங்களையும் விளம்பரப் பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள், விளம்பரம் நாளைக்கே மாறிவிடலாம். விற்றவருக்கு மின்னஞ்சலில் எழுதிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். இணைய விற்பனைத் தளம் வழியாக வாங்கியிருந்தால் அவர்களுடைய குறைதீர் அலுவலருக்கும் எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் வந்து சேர்ந்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்பது விதி. அசையவில்லையா, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். பல புகார்கள் அங்கேயே பேசித் தீர்கின்றன. அதற்கும் மசியாவிட்டால் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

கேள்வி: புத்தக பில்லில் 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டிருக்கிறார்கள். சரியா?
(வாசகர், களியக்காவிளை)

பதில்: அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. அனுப்பும் செலவுக்கோ பரிசுப் பெட்டிக்கோ தனியாகப் போட்டிருக்கிறார்களா என்று வரி வரியாகப் பாருங்கள். புத்தக விலைக்கே போட்டிருந்தால் அந்தத் தொகையைத் திருப்பிக் கேளுங்கள். அனுப்பும் செலவைக் குறைக்க, தபால் நிலையத்தில் 2025 மே மாதம் தொடங்கிய 'ஞான் போஸ்ட்' வழியாக அனுப்பச் சொல்லுங்கள். 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தரை வழியில்தான் வரும் என்பதால் சில நாள் கூடுதலாகும், ஆனால் எங்கே இருக்கிறது என்று இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம்.